கெர்னல் எழும்போது யார் முதலில்?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் பழைய மடிக்கணினி கிடைத்தால் லினக்ஸ் போட்டுத் தரச் சொல்லி என்னிடம் கொண்டுவருவார்கள். தொடக்கத்தில் ஓடும் எழுத்துகளை நான் மறைத்து வைப்பதில்லை. ஐந்தாம் படிவம் படிக்கும் பையன் ஒருவன் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, முதல் வரியெல்லாம் நேரம் கோசோங்கா இருக்கே, கெட்டுப்போச்சா?" என்றான். கெடவில்லை. 0.000000 என்று வரிசையாக நிற்பதற்குக் காரணம், லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் தன் கடிகாரத்தையே இன்னும் எழுப்பவில்லை. நேரம் பார்க்கும் வேலைக்கும் ஒரு முறை வரவேண்டும் இல்லையா?

அந்த முறையை யார் வகுத்தது என்று தேடினால் மெயின்.சி கோப்பில் ஸ்டார்ட்_கெர்னல் என்ற செயற்கூறு கிடைக்கும். உள்ளே பெரிய தந்திரம் ஒன்றும் இல்லை, மனிதர்கள் கையால் எழுதிய வரிசை, ஒன்றன் கீழ் ஒன்றாக. ஆனால் ஒவ்வொரு வரிக்கும் அந்த இடம்தான் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. நினைவகத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: எல்லாருக்கும் நினைவகம் பங்கிட்டுத் தரும் பகுதி தன் கணக்கை எழுதி வைக்கவே கொஞ்சம் நினைவகம் வேண்டும், அதை யார் தருவது? அதற்காகவே மெம்பிளாக் என்ற எளிய ஏற்பாடு முதலில் வருகிறது, எந்தப் பகுதி காலி, எந்தப் பகுதி எடுத்தாகிவிட்டது என்று மட்டும் குறித்து வைத்திருந்து, உண்மையான பங்கீட்டாளர் தயாரானதும் மிச்சத்தை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அதன் பிறகுதான் எந்த வேலை எப்போது ஓடும் என்று முடிவெடுக்கும் ஷெட்யூலர். இவ்வளவு நேரமும் இன்டரப்ட், அதாவது வன்பொருள் குறுக்கிட்டுக் கூப்பிடும் வழி, அடைத்தே கிடக்கும். டைமர் வந்து தட்டும்போது கேட்க ஆள் இல்லையென்றால் கதை அங்கேயே முடிந்துவிடும்.

திரையில் எழுதும் கன்சோல் இதற்கெல்லாம் பின்னால்தான் வருகிறது. முந்தைய செய்திகள் ஒரு தாங்கியில் சேர்ந்து கிடந்து அப்புறம் மொத்தமாகக் கொட்டும். கன்சோலைத் தொடங்கும் வரிக்கு மேலே 'ஹேக் அலர்ட்' என்று ஒரு குறிப்பு இருக்கிறது: அட்டைகளையும் சாதனங்களையும் இணைக்கும் பிசிஐ ஏற்பாடுகளுக்கு முன்பே இதைத் தொடங்குகிறோம், ஆனால் ஏதாவது தவறினால் சீக்கிரம் தெரியவேண்டுமே என்று. இப்படி வெளிப்படையாக ஒத்துக்கொள்ளும் நிரல் எனக்குப் பிடிக்கும்.

இன்னொரு சிக்கல். பயனர் பக்கத்து முதல் நிரலுக்கு எண் 1 கிடைத்தாகவேண்டும், அதனால் அதைத்தான் முதலில் படைக்கவேண்டும். ஆனால் அது ஓட ஆரம்பித்தால், உள்வேலைகளைச் செய்யும் கெர்னல் இழைகளைப் படைக்கச் சொல்லிக் கேட்கும், அவற்றைப் படைக்கும் கேத்ரெட்டிக்கு எண் 2, அது இன்னும் பிறக்கவில்லை! சரி, 1 முதலில் பிறக்கட்டும், 2 வரும்வரை காத்திருக்கட்டும் என்று முடித்துவிட்டார்கள்.

இதற்கு மேல் கையால் எழுதிக் கட்டுப்படியாகாது, சாதனங்களை இயக்கும் டிரைவர்கள் ஆயிரக்கணக்கில். அங்கே வருவதுதான் இனிட்கால், கோர் முதல் லேட் வரை படிநிலைகள். ஒவ்வொரு டிரைவரும் தன் படியைச் சொல்லிவிடும், நிரல் துண்டுகளை ஒன்றாகக் கோர்க்கும் லிங்கர் அவற்றைப் படிவாரியாக அடுக்கிவைக்கும், கெர்னல் தலையிலிருந்து வால்வரை கூப்பிட்டுக்கொண்டே போகும். ஒரே படியில் நூறு பேர் இருந்தால்? தோட்டத்தில் காலையில் ஆள் கூப்பிடும் பெரட்டில் எந்தக் கூட்டத்தை முதலில் கூப்பிடுவது என்பது முடிவானது, கூட்டத்துக்குள் யார் முந்தி என்பது செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேட்டில் கிராணி (எழுத்தர்) எழுதிய வரிசைதானே, அதே கதை: எதையெல்லாம் சேர்த்துக் கட்டவேண்டும் என்று பட்டியலிடும் மேக்ஃபைலில் யார் பெயர் மேலே இருக்கிறதோ அவர். டிரைவர்கள் அடைவின் மேக்ஃபைலில், சில்லின் கால்களை இயக்கும் ஜிபிஐஓ, அந்தக் கால்களுக்கு வேலை பிரித்துத் தரும் பின்கன்ட்ரோலுக்குப் பிறகுதான் வரவேண்டும் என்று குறிப்பே எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த வரியை யாராவது அழகுக்காக இடம் மாற்றினால் வேறெங்கோ ஒரு சர்க்யூட் பலகை எழும்பாது.

கைபேசி, சிறு பலகைகள் பெருகியபோது இதுவும் போதவில்லை. ஒலிச் சில்லுக்கு மின்சாரம் தரும் ரெகுலேட்டர் எங்கே, எப்போது எழும் என்பது பலகைக்குப் பலகை மாறும். 2012இல் வந்த 3.4 பதிப்பில் வேறு வழி பிடித்தார்கள். தனக்கு வேண்டியவர் இன்னும் வரவில்லை என்றால் டிரைவர் 517 என்ற பிழை எண்ணைத் திருப்பித் தரலாம், கெர்னல் அதைத் தள்ளிவைத்து, வேறொரு டிரைவர் வெற்றிகரமாக எழும்போதெல்லாம் மறுபடி கேட்டுப் பார்க்கும். அதாவது சரியான வரிசையை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் முயற்சியையே பாதி கைவிட்டார்கள். சில டிரைவர்கள் பலமுறை தட்டிவிட்டுத் திரும்புவதால் நேரம் வீணாகிறது, பிற்பாடு பலகையில் என்னென்ன சாதனங்கள் உள்ளன என்று விவரிக்கும் டிவைஸ் ட்ரீயைப் படித்து யாருக்கு யார் தேவை என்று முன்பே ஊகிக்கும் ஏற்பாடும் சேர்ந்தது. இருந்தாலும் எனக்கு அந்த 517தான் பெரிய யோசனை.

உங்கள் கணினியில் பார்க்கவேண்டுமென்றால் கெர்னல் கட்டளை வரியில் இனிட்கால்_டிபக் என்பதை ஆங்கிலத்தில் சேர்த்துத் தொடங்குங்கள், எந்தச் செயற்கூறு எத்தனை மைக்ரோ விநாடி எடுத்தது என்று வரிவரியாக வரும். எல்லாம் எழுந்த பிறகும் ஒலி வரவில்லையா, கெர்னல் தன் உள்விவரங்களைக் கோப்புகளாகக் காட்டும் டிபக்எஃப்எஸ்ஸில் டிவைசஸ்_டிஃபெர்டு என்ற கோப்பைத் திறங்கள், இன்னும் யாருக்காகவோ காத்துக்கொண்டிருப்பவர்களின் பெயர் அதில் இருக்கும்.