போர்ட்டிங்: துறையா, புழையா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் பழைய யமஹா ஆர்எக்ஸ்இசட் என்ற டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிளைப் பந்தயத்துக்குத் தயார்செய்யும் பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும் சொல் 'போர்ட்டிங்'. மலாயில் 'கோரெக்' என்பார்கள். தோண்டுதல் என்று பொருள்.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் புகையை வெளியேற்றத் தனி வால்வு பெரும்பாலும் இருப்பதில்லை. சிலிண்டர் சுவரிலுள்ள திறப்புகளை, ஏறி இறங்கும் பிஸ்டனே மூடித் திறக்கிறது. அந்தத் திறப்பும் அதையொட்டிய குழாய்வழியும்தான் போர்ட். அவற்றை அரைத்து உயரம், அகலம், வடிவம் மாற்றுவது போர்ட்டிங்.

கணினிச் சொற்பட்டியலைப் பார்த்து இதற்கும் 'துறை' என்று எழுதுவோர் உண்டு. கப்பல் நிற்கும் துறைமுகத்தைக் குறிக்கும் 'போர்ட்' லத்தீன் 'போர்ட்டுஸ்' வழி வந்தது. எஞ்சினின் போர்ட்டோ வாயிலைக் குறிக்கும் 'போர்ட்டா' வழி வந்தது. இரண்டும் உறவுச் சொற்களே. ஆனால் சிலிண்டருக்குள் எந்தக் கப்பலும் நிற்பதில்லை. 'துளை' என்பதும் போதாது, குழாய்வழி அதில் விடுபட்டுவிடுகிறது. என் தேர்வு 'புழை'. துளை, குழாய், கோட்டையின் சிறுவாயில் ஆகிய மூன்றையும் அது குறிக்கும். உள்ளே புழை ஓடுவதால்தான் யானையின் துதிக்கை 'புழைக்கை' ஆயிற்று. (ஆலப்புழையில் உள்ள புழை ஆறு, அதை இங்கே இழுக்க வேண்டாம்.) ஆகவே எரிபொருள் கலவை உள்ளே வரும் வழி உள்ளிழு புழை, அதைச் சிலிண்டருக்குள் கடத்துவது மாற்றுப் புழை (டிரான்ஸ்ஃபர் போர்ட்), புகை வெளியேறும் வழி வெளியேற்றுப் புழை. போர்ட்டிங் என்பது புழை திருத்தம்.

திருத்தத்தில் பெரும்பாலோர் முதலில் கைவைப்பது வெளியேற்றுப் புழையின் மேல்விளிம்பில். அதை உயர்த்தினால் புழை முன்னதாகவே திறந்து, தாமதமாக மூடும். பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் தண்டின் ஒரு சுற்றில், சாலை வண்டியில் ஏறத்தாழ 180 பாகை திறந்திருப்பது, பந்தய எஞ்சினில் 195 பாகையையும் தாண்டும். ஆற்றல் உயர்சுழற்சிக்கு நகர்ந்துவிடும். குறைந்த வேகத்தில் இழுவை இராது. அந்த வண்டியைப் பசார் மாலாம் (இரவுச் சந்தை) நெரிசலில் ஓட்டுவது தண்டனை. அகலத்துக்கும் வரம்பு உண்டு: ஒற்றைப் புழை சிலிண்டர் விட்டத்தில் சுமார் 70 விழுக்காட்டைத் தாண்டினால், பிஸ்டன் வளையம் புழைக்குள் பிதுங்கி விளிம்பில் சிக்கி உடையலாம். மேல்விளிம்பை வளைவாக விட்டு, ஓரத்தை மழுக்குவது இதற்காகத்தான்.

'போர்' என்பது வேறு வேலை: சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து அகலமாக்கிப் பெரிய பிஸ்டன் போடுவது. உச்சரிப்பில் 'போர்ட்' கடைசி எழுத்தை இழந்து 'போர்' ஆகிவிடுவதால், எதற்கு வெள்ளி (பணம்) கொடுக்கிறோம் என்று பட்டறையில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.