ஆணி பிடுங்கிய மரத்துக்குள் என்ன நடக்கிறது?

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவரும் தெரு நண்பர்களும் ஞாயிற்றுக்கிழமை காலையில் சுத்தியலும் குறடுமாகக் கிளம்பிப் போய், சாலையோரப் புங்கன், வேம்பு, தூங்குமூஞ்சி மரங்களில் அடித்திருக்கிற ஆணிகளைப் பிடுங்குகிறார்களாம். டியூஷன் விளம்பரம், வாடகைக்கு வீடு, மூல வைத்தியம், கண்ணீர் அஞ்சலி, எல்லாமே மரத்தில்தான் தொங்குகிறது. பிடுங்கிய துளையில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்து அப்புகிறார்கள். அவர் கேட்பது இரண்டு: அந்தக் காயம் எத்தனை நாளில் ஆறும்? கட்டைக்குள் புதைந்துபோன பழைய ஆணியைத் தோண்டி எடுக்கலாமா?

முதல் கேள்விக்குப் பதில், ஆறவே ஆறாது. அதுவும் அந்த மரம் நூறு வருடம் நன்றாக வாழ்ந்தாலும் ஆறாது. இரண்டாவதற்குப் பதில் சொல்ல, மரம் காயத்தை என்னதான் செய்கிறது என்று பார்த்தாக வேண்டும்.

பள்ளிப் பாடம் நினைவிருக்கும். வெளியே பட்டை, அதன் உட்புறம் சர்க்கரையைக் கடத்தும் ஃபுளோயம், உள்ளே தண்ணீரை ஏற்றும் சைலம், இரண்டுக்கும் நடுவே கேம்பியம் என்ற மெல்லிய உயிர் அடுக்கு. தண்டு பருப்பது இந்தக் கேம்பியத்தால். உயரம் கூடுவது கிளை நுனிகளில் மட்டும், அதனால் நெஞ்சு உயரத்தில் அடித்த ஆணி முப்பது வருடம் கழித்தும் நெஞ்சு உயரத்தில்தான் இருக்கும், மேலே ஏறாது. சுற்றிலும் புதுக்கட்டை வளர்ந்து அதை மூடிக்கொண்டே போகும். ஆசாரிகள் வைரம் பாய்ந்தது என்பார்களே, அந்த நடுக்கட்டையில் உயிருள்ள செல் கிடையாது. அதைச் சுற்றியிருக்கிற சாற்றுக்கட்டையில் மட்டும் தண்ணீர்க் குழாய்களுக்கு இடையில் பாரன்கைமா செல்கள் உயிரோடு இருக்கின்றன. இனி நடக்கப் போவதில் பெரும்பங்கு இவற்றுடையது.

நம் கையில் வெட்டுப்பட்டால் செத்த செல் போய் அதே இடத்தில் புது செல் வரும். மரத்துக்கு அந்த வசதி இல்லை. கட்டையாகிவிட்ட இடம் கட்டையாகவே இருக்கும், அங்கே கெட்டுப்போனதைக் கழற்றிவிட்டுப் புதிதாக எதையும் வைக்க முடியாது. ஆணியோடு பூஞ்சை வித்தும் பாக்டீரியாவும் காற்றும் உள்ளே போய்விட்டன, வெளியே தள்ளவும் வழியில்லை. அப்போது மரம் செய்கிற காரியம் எனக்கு எப்போது படித்தாலும் வியப்பாக இருக்கும். கெட்ட பகுதியை அப்படியே விட்டுவிட்டு அதைச் சுற்றிச் சுவர் எழுப்புகிறது. வேலூர்க் கோட்டையின் மதில் எதிரி உள்ளே வராமல் தடுக்கக் கட்டியது. மரத்தின் மதில், எதிரி உள்ளே வந்துவிட்டான் என்று ஏற்றுக்கொண்டு அவனைச் சுற்றிக் கட்டுவது.

நான்கு சுவர்கள். தண்ணீர் மேலும் கீழும் போகிற குழாய்தான் பூஞ்சைக்கும் ராஜபாட்டை, அதனால் காயத்துக்கு மேலேயும் கீழேயும் அந்தக் குழாய்களை மரம் அடைக்கிறது. எப்படி அடைக்கிறது என்பதில்தான் அழகு. குழாயை ஒட்டியிருக்கிற உயிருள்ள பாரன்கைமா செல், குழாய்ச் சுவரில் உள்ள நுண்ணிய குழி வழியாகத் தன் உடம்பையே உள்ளே பிதுக்கி, உப்பி, குழாயை மறித்துக்கொள்கிறது. பாடப் புத்தகத்தில் டைலோஸ் என்று மனப்பாடம் செய்தோமே, அது இதுதான். சில மரங்கள் இதற்குப் பதிலாகப் பிசினை ஊற்றி அடைக்கும். ஆனாலும் நான்கில் பலவீனமான சுவர் இது, பூஞ்சை கொஞ்சம் கொஞ்சமாக இதைத் தாண்டிவிடும். இரண்டாவது சுவர், அழுகல் மையத்தை நோக்கிப் போகாமல் தடுப்பது; குளிர்நாட்டு மரங்களில் ஆண்டு வளையத்தின் அடர்ந்த செல்கள் அந்த வேலையைச் செய்கின்றன. (பனிக்காலம் இல்லாத நம் ஊரில் தேக்கு போன்ற சில மரங்களை விட்டால் பலவற்றில் வளையம் தெளிவாக இருப்பதில்லை.) மூன்றாவது, மையத்திலிருந்து பட்டையை நோக்கி ஓடும் கதிர்ச் செல்கள், இவை பக்கவாட்டில் பரவுவதைத் தடுக்கும், பூஞ்சைக்குப் பிடிக்காத வேதிப்பொருட்களை நிரப்பிக்கொள்ளும்.

இந்த மூன்றும் காயம் படும்போதே அங்கே இருந்த கட்டையை வைத்துச் செய்த தடுப்புகள். நான்காவது அப்படியல்ல. காயம் பட்ட பிறகு கேம்பியம் புதிதாக உண்டாக்குகிற செல்களின் முதல் அடுக்கு, அமைப்பிலும் வேதியியலிலும் வழக்கமான கட்டையிலிருந்து மாறுபட்டு, தனி அரணாக அமைகிறது. காயம் பட்ட அன்று வரை இருந்த மரம் உள்ளே, அதற்குப் பிறகு வளர்ந்த மரம் வெளியே. இந்தச் சுவர் மிக உறுதியானது. உள்ளே எல்லாம் அழுகிப் பொந்தானாலும் வெளியே புதுக்கட்டை பழுதில்லாமல் வளரும். நெடுஞ்சாலையோரம் ஆள் நுழைகிற அளவு பொந்தோடு, ஆனால் தலைநிறையக் காயோடு நிற்கிற கிழப் புளியமரங்களைப் பார்த்திருப்பீர்கள். அவை நிற்பது இந்த நான்காம் சுவரால்தான்.

இதை வெளியே கொண்டுவந்தவர் அமெரிக்க வனத்துறையில் மரநோய் ஆய்வாளராக இருந்த அலெக்ஸ் ஷைகோ. 1959இல் வேலைக்குச் சேர்ந்தவர். அதற்கு முன்னால் மரத்தைக் குறுக்கே அறுத்து வட்டத்தைப் பார்ப்பதுதான் வழக்கம். இவர் செயின் ரம்பத்தை எடுத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காகப் பிளந்து, அழுகல் எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்று வருடக்கணக்கில் பார்த்தார். 1977இல் நான்கு சுவர்க் கருத்தை ஹரால்ட் மார்க்ஸுடன் சேர்ந்து வெளியிட்டார். இத்தனை வருடம் மரத்தைப் பிளந்து பார்க்க ஒரு அரசு சம்பளம் கொடுத்ததே, அதை நினைத்தால் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது. உடனடி லாபம் காட்டச் சொல்லியிருந்தால் இந்த ஆய்வு பிழைத்திருக்காது.

சரி, இப்போது இரண்டாவது கேள்வி. பட்டைக்கு வெளியே தலை நீட்டிக்கொண்டிருக்கிற ஆணியை நேராக இழுத்து எடுங்கள், பட்டையை நெம்பாதீர்கள். கட்டை முழுசாக விழுங்கிவிட்ட ஆணியைத் தொடாதீர்கள். அது ஏற்கெனவே சுவருக்கு உள்ளே கிடக்கிறது, இரும்பு விஷமாகி மரத்தைக் கொல்லப்போவதில்லை. உளி வைத்துத் தோண்டினால் மரம் கஷ்டப்பட்டுக் கட்டிய நான்காம் சுவரை நீங்களே உடைத்து, அழுகலைப் புதுக்கட்டைக்குள் திறந்துவிடுகிறீர்கள். பொந்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து சிமென்ட் அடைப்பதும் அதே தவறுதான்.

மஞ்சள் விஷயத்தில் நண்பர்கள் வருத்தப்படக் கூடாது. வித்துகள் ஆணியோடு கட்டைக்குள் போன பிறகு துளையின் வாயில் பூசுகிற மஞ்சள் அங்கே எட்டாது. வெட்டுக்காயத்தில் பெயின்ட், தார் பூசுவதையும் ஷைகோ சோதித்துப் பார்த்தார். அழுகலை அவை தடுக்கவில்லை. துளையை அப்படியே விட்டுவிடுங்கள்.

பேயை இறக்குகிறேன் என்று முடியைச் சுற்றிப் புளியமரத்தில் ஆணி அடிப்பதும் நம் மாவட்டத்தில் இன்னும் முற்றிலும் போகவில்லை. நோயாளிக்குத் தேவை மருத்துவர், மனநல மருத்துவம் உட்பட எல்லாம் வேலூரிலேயே கிடைக்கிறது. அந்த ஆணியால் பிழைத்தவர் யாருமில்லை, பூஞ்சைக்கு மட்டும் ஒரு வாசல் கிடைத்தது.

அப்புறம், சுவர் கட்ட மரத்துக்குச் சர்க்கரை வேண்டும், அதாவது இலையும் தண்ணீரும் வேண்டும். இங்கேதான் தன்னார்வலர்களின் உழைப்புக்கு உண்மையான பலன் இருக்கிறது. அடிமரம் வரை சிமென்ட்டும் பேவர் பிளாக்கும் போட்டு நெரித்திருந்தால் வேர் மூச்சுவிடவும் முடியாது, மழைநீரும் இறங்காது. தில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்கு கான்கிரீட்டை அகற்றச் சொல்லி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் உத்தரவிட்டது. அதைக் காட்டி இங்கேயும் மாநகராட்சியிடம் மனு கொடுக்கலாம். அக்னி நட்சத்திர வெயிலில் அடிமரத்தில் ஒரு குடம் ஊற்றுவதைவிட, கிளை பரவியிருக்கிற எல்லை வரை மண் இருக்கிற இடமெல்லாம் மெதுவாக ஊற வைப்பது நல்லது, நீர் உறிஞ்சும் மெல்லிய வேர்கள் அங்கேதான் அதிகம். கன்றுக்கு வைத்த இரும்புக் கூண்டையும் கட்டுக்கம்பியையும் தண்டு நெருங்கும் முன்னால் எடுத்துவிடுங்கள். கம்பி சுற்றிலும் இறுகினால் ஃபுளோயம் நசுங்கி வேர் பட்டினி கிடக்கும், அது ஆணியைவிட மோசம்.

கிளை வெட்டும் இடத்திலும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கிளை தண்டோடு சேரும் இடத்தில் மோதிரம் மாதிரி ஒரு புடைப்பு இருக்கும். சுவர் எழுப்பும் செல்கள் அங்கே தயாராக இருக்கின்றன. அதற்குச் சற்று வெளியே வெட்ட வேண்டும், தண்டோடு ஒட்ட மழிக்கவும் கூடாது, முழ நீளத்துக்குக் குச்சி விடவும் கூடாது.

நம் புங்கனும் வேம்பும் தூங்குமூஞ்சியும் எவ்வளவு வேகமாகச் சுவர் கட்டுகின்றன என்பதை நம் ஊர்க் கல்லூரி தாவரவியல் மாணவர்களே ஆராயலாம், பெரிய கருவி எதுவும் தேவையில்லை. கோடை மழைக் காற்றில் மரம் சாய்ந்தால், துண்டு போடுகிறவரிடம் சொல்லி ஆணி இருந்த பகுதியை மட்டும் நெடுக்காகப் பிளக்கச் சொல்லுங்கள். ஆணியை ஒட்டிய நீலக்கருப்பு, இரும்பும் கட்டையில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் சேர்ந்த கறை, அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அதிலிருந்து மேலும் கீழும் ஓடுகிற பழுப்பு நிறப் பகுதியின் நீளத்தையும் அகலத்தையும் டேப் வைத்து அளந்து, மர வகையோடு குறித்து எனக்கு அனுப்புங்கள்.