கேமராவில் சிக்கும் எரிகல்லை அளப்பது எப்படி?

எரிகல்லைப் படம் பிடிப்பது இன்று பெரிய வித்தை இல்லை. இருட்டிலும் நன்றாகப் பார்க்கும் ஒரு கண்காணிப்புக் கேமராவை வானத்தை நோக்கித் திருப்பி, ராஸ்பெர்ரி பை போன்ற சின்னக் கணினியோடு இணைத்துவிட்டால் போதும். 2018இல் தொடங்கிய குளோபல் மீட்டியர் நெட்வொர்க் என்ற எரிகல் கேமரா வலையமைப்பு இத்தகைய எளிய கருவிகளை வைத்துத்தான் இயங்குகிறது. வித்தையெல்லாம் படம் எடுத்த பிறகுதான். படத்தில் இருப்பது வெறும் ஒளிக்கோடு. கல் எவ்வளவு உயரத்தில் எரிந்தது, என்ன வேகத்தில் வந்தது, எங்கிருந்து வந்தது என்பதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் கறக்க வேண்டும்.

முதலில் சேமிப்பு. நொடிக்கு 25 பிரேம் வீதம் இரவெல்லாம் பதிந்தால் சின்னக் கணினி திணறிப்போகும். அதற்கு அழகான ஒரு தந்திரம் உண்டு: 256 பிரேம்களை, அதாவது சுமார் 10 நொடிக் காட்சியை, நான்கே படங்களாகச் சுருக்கிவிடுவார்கள். ஒவ்வொரு பிக்சலும் அந்த நேரத்துக்குள் எட்டிய உச்ச ஒளி ஒரு படம். உச்சத்தை எட்டியது எத்தனையாவது பிரேமில் என்பது இன்னொரு படம். சராசரி ஒளியும் அதன் ஏற்ற இறக்கமும் மற்ற இரண்டு. எரிகல் ஒரு பிக்சலை ஒரே முறைதான் கடக்கும் என்பதால், உச்சமும் பிரேம் எண்ணும் இருந்தால் அதன் ஓட்டத்தை மறுபடி ஓட்டிப் பார்த்துவிடலாம். ஏன் 256? 0 முதல் 255 வரையான எண் ஒரே பைட்டில் அடங்கும். அதனால் பிரேம் எண்ணையும் ஒளி அளவைப் போலப் படமாகவே சேமிக்கலாம்.

அந்தப் படங்களில் மென்பொருள் கோடுகளைத் தேடும். விமானமும் செயற்கைக்கோளும் மெதுவாக நகர்வதால் பெரும்பாலும் எளிதில் கழிந்துவிடும். லென்ஸுக்கு முன்னால் பறக்கும் பூச்சிதான் தொல்லை.

அடுத்து, அளவுகோல். அது அதே படத்திலேயே இருக்கிறது: விண்மீன்கள். அவற்றின் இடங்கள் பட்டியல்களில் மிகத் துல்லியமாகப் பதிவாகியுள்ளன. எந்த விண்மீன் எந்தப் பிக்சலில் விழுந்தது என்று ஒப்பிட்டால், கேமரா பார்க்கும் திசையும், லென்ஸ் ஓரங்களில் படத்தை எவ்வளவு வளைக்கிறது என்பதும் தெரிந்துவிடும். அதன்பின் ஒவ்வொரு பிக்சலும் வானில் ஒரு திசை. காற்றும் வெயிலும் கேமராவை இம்மியளவு நகர்த்திவிடும் என்பதால் இந்த ஒப்பீட்டை அடிக்கடி புதுப்பிக்க வேண்டும்.

ஆனால் திசை மட்டும் தெரிந்தால் தூரம் தெரியாது. பல பத்து கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கேமரா அதே எரிகல்லைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு கேமராவையும் அது கண்ட கோட்டையும் சேர்த்தால் ஒரு தளம், அதாவது தட்டையான ஒரு பரப்பு, கிடைக்கும். மற்ற கேமராவுக்கு இன்னொரு தளம். இரண்டும் வெட்டிக்கொள்ளும் கோடுதான் எரிகல்லின் உண்மையான பாதை. பெரும்பாலும் 120 முதல் 80 கிலோமீட்டர் உயரத்துக்குள் இருக்கும். இரு தளங்களும் கிட்டத்தட்ட ஒன்றாகப் படிந்துவிட்டால் கணக்கு சொதப்பும். அதனால் மூன்றாவது கேமரா இருப்பது நல்லது.

எல்லாவற்றிலும் கடினம் வேகம். ஆண்டுதோறும் ஆகஸ்டில் பொழியும் பெர்சீட் எரிகற்கள் நொடிக்கு 59 கிலோமீட்டர் வேகத்தில் நுழைகின்றன; ஒரு பிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே 2 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிடும். நமக்கு வேண்டியது காற்று தடுப்பதற்கு முந்தைய வேகம். பாதையின் மங்கலான தொடக்கத்தைக் கேமரா தவறவிட்டால் விடை குறைந்துவரும். புவியீர்ப்பு கூட்டிய வேகத்தைக் கழித்து, பூமியின் சொந்த ஓட்டத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். அதன் பிறகே சூரியனைச் சுற்றிய பாதை கிடைக்கும். பூமி இருக்கும் தூரத்தில், சூரியனைப் பொறுத்த வேகம் நொடிக்கு 42 கிலோமீட்டரைத் தாண்டும் பொருள் சூரியனுக்குக் கட்டுப்படாது. அப்படி விடை வந்ததும் வேற்று விண்மீனிலிருந்து வந்த கல் என்று குதிக்கத் தோன்றும். வேகத்தை அளந்ததில் பிழையா என்று பார்ப்பதே முதல் வேலை.

முழுதும் எரிந்து தீராமல் தரையில் விழும் கல்லுக்கு விண்கல் என்று பெயர். 1959 ஏப்ரல் 7 அன்று செக்கோஸ்லோவாக்கியாவில் பிரிப்ராம் அருகே விழுந்த விண்கல்தான், புகைப்படங்களிலிருந்து சுற்றுப்பாதை கணிக்கப்பட்ட முதல் விண்கல். அதன் பாதை, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே உள்ள சிறுகோள் பட்டை வரை நீண்டது.

இப்படித் தரை வரை வரும் கல்லைத் தேடுவது தனிக் கணக்கு. வேகம் குறைந்ததும் ஒளி அணைந்துவிடும். கடைசிச் சில பத்து கிலோமீட்டரைக் கேமரா பார்ப்பதில்லை. அந்த உயரங்களில் வீசிய காற்றின் தரவை வைத்து விழும் இடத்தைக் கணிப்பார்கள். எடை சரியாகத் தெரியாததால் கிடைப்பது ஒரு புள்ளி அல்ல, நீண்ட ஒரு பட்டை. பெரிய துண்டுகளைப் பாதை போகும் திசையின் கடைசி முனையில் தேடுவார்கள், சிறியவற்றைப் பின்னால்.