ஸ்டென்ட் வைக்கணும்னு சொன்னா: விலை ரூல், பில்லு, ஆஞ்சியோ சிடி

ஹார்ட்ல பிளாக் இருக்கு, ஸ்டென்ட் வைக்கணும்னு டாக்டர் சொன்னதும் வீட்டுல முதல்ல கேக்குறது எவ்வளவு ஆகும்ங்கிறதுதான். ஸ்டென்ட்டுங்கிறது அடைச்ச ரத்தக்குழாயைத் திறந்து வைக்கிற சின்ன கம்பிவலைக் குழாய், அதோட விலைக்கு மத்திய அரசு ஒரு உச்சவரம்பு வச்சிருக்கு, நிறைய பேருக்கு இது இன்னும் தெரியாது.

2017 பிப்ரவரிக்கு முன்னாடி மருந்து தடவின ஸ்டென்ட் ஒண்ணு ஒரு லட்சத்துக்கு மேல போயிட்டு இருந்துச்சு. இந்த விலையை எதிர்த்து டெல்லி வக்கீல் பிரேந்தர் சாங்வான் ஹைகோர்ட்டுக்குப் போனாரு, 2016ல ஸ்டென்ட்டை அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல சேர்த்தாங்க, அப்புறம் தேசிய மருந்து விலை ஆணையம் கணக்கெடுத்துப் பார்த்தா ஆஸ்பத்திரி மார்ஜின் மட்டுமே சில இடத்துல 654 சதவீதம் வரைக்கும் இருந்திருக்கு. நோயாளிக்கு எது வேணும்னு முடிவு பண்றவங்களே அதை லாபத்துக்கு வித்தா வேற என்ன நடக்கும். சாதா உலோக ஸ்டென்ட்டுக்கு 7,260 ரூபாய், மருந்து தடவினதுக்கு 29,600 ரூபாய்னு அப்ப உச்சவரம்பு போட்டாங்க. மொத்தவிலைக் குறியீட்டை வச்சு இதை மாத்துவாங்க, 2025 ஏப்ரல் கணக்குப்படி மருந்து தடவினது 39,000க்குக் கொஞ்சம் கீழ, ஜிஎஸ்டி தனி.

பில்லுல "ஆஞ்சியோபிளாஸ்டி (ஸ்டென்ட் வைக்கிற சிகிச்சை) பேக்கேஜ்"னு ஒரே வரியில முடிச்சிருந்தா ஒத்துக்காதீங்க. ஸ்டென்ட் விலை, பிராண்ட், கம்பெனி பேரு, பேட்ச் நம்பர் எல்லாம் தனியா காட்டணும்ங்கிறது உச்சவரம்பு போட்ட அந்த ஆணையிலயே இருக்கு. ஸ்டென்ட் டப்பாவுல ஒரு ஸ்டிக்கர் வரும், கேஸ் ஷீட்ல ஒட்டுவாங்க, அதுல இருக்குற நம்பரும் பில்லுல இருக்குற நம்பரும் ஒண்ணாங்கிறதைப் பாருங்க, ரெண்டு ஸ்டென்ட்டுக்குக் காசு வாங்கியிருந்தா ரெண்டு ஸ்டிக்கர் இருக்கணும். விலை கூட வாங்கியிருந்தா தேசிய மருந்து விலை ஆணையத்துக்கே கம்ப்ளைன்ட் பண்ணலாம்.

ஆனா இந்த உச்சவரம்பு ஸ்டென்ட்டுக்கு மட்டும்தான். கேத் லேப் (ஸ்டென்ட் வைக்கிற அறை), ரூம் வாடகை, டாக்டர் ஃபீஸுக்கு இந்த ஆணை கிடையாது, ஒரு பக்கம் குறைஞ்சதை இன்னொரு பக்கம் ஏத்திக்க முடியும். அதைவிட பெரிய ஓட்டை, ஸ்டென்ட் உண்மையிலேயே தேவையாங்கிறதை எந்த விலை ரூலும் கேக்காது.

ஹார்ட் அட்டாக் வந்து கொண்டு போனா யோசிக்கவே கூடாது, உடனே வைக்கிறது உயிரைக் காப்பாத்தும். நடந்தா மட்டும் நெஞ்சு வலிக்குது, நின்னா சரியாயிடுதுங்கிற நிலையான கேஸ் வேற. 2007ல வந்த கரேஜ் ஆய்வுலயும் 2020ல வந்த இஸ்கீமியா ஆய்வுலயும் இந்த மாதிரி ஆளுங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு நல்ல மாத்திரையோட ஸ்டென்ட்டும் சேர்த்து வச்சதால சாவு குறையல, வலி மட்டும் குறைஞ்சுது. ஆனா ஆஞ்சியோ (ரத்தக்குழாய் அடைப்பை எக்ஸ்ரே வீடியோவுல பாக்குற டெஸ்ட்) டேபிள்ல ஆளைப் படுக்க வச்சுட்டு, வெளியில நிக்குற மகன்கிட்ட "90 பர்சென்ட் பிளாக், இப்பவே வச்சிடலாம், கையெழுத்து போடுங்க"ன்னு சொல்லும்போது யாரு இல்லைன்னு சொல்வாங்க? அதனால உள்ள போறதுக்கு முன்னாடியே "இது எமர்ஜென்சியா, ஆஞ்சியோ மட்டும் பண்ணிட்டு அந்த வீடியோ இருக்குற சிடியை வாங்கிட்டுப் போய் இன்னொரு டாக்டர்கிட்ட காட்டலாமா"ன்னு கேட்டுடுங்க. ரெக்கார்ட்ஸ் எழுதிக் கேட்டா 72 மணி நேரத்துல குடுக்கணும்னு 2002 மருத்துவ கவுன்சில் ஒழுங்குமுறை சொல்லுது, அதுல சிடியையும் சேர்த்து எழுதிக் கேளுங்க.

அதே ஒழுங்குமுறைல நோயாளியை அனுப்புறதுக்கு கமிஷன் வாங்கவோ குடுக்கவோ கூடாதுன்னும் இருக்கு, மருந்து கம்பெனி கிஃப்ட், டூர் வாங்கக் கூடாதுன்னு 2009ல சேர்த்தாங்க, அப்படிக் குடுக்குற கிஃப்ட்டை கம்பெனி வரிக்கணக்குல செலவுன்னு கழிக்க முடியாதுன்னு 2022ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிடுச்சு. இதெல்லாம் டாக்டரைத்தான் கட்டுப்படுத்தும், ஆஸ்பத்திரி நிர்வாகத்தை இல்ல. தமிழ்நாட்டுல டாக்டர் மேல புகார்னா தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில், ஆஸ்பத்திரி மேலன்னா மாவட்ட ஜேடி (மருத்துவத் துறை இணை இயக்குநர்) ஆபீஸ். கமிஷனை நிரூபிக்கிறது நம்மால ஆகாத வேலை, அதனால புகாரை பில்லு, ஸ்டிக்கர், சிடின்னு கையில இருக்குற பேப்பர்ல எழுதுங்க.

காப்பீட்டு அட்டை இருந்தா காசு நம்ம பாக்கெட்லருந்து போகலன்னு சும்மா விட்டுடக் கூடாது. 2024 நவம்பர்ல குஜராத் போரிசானா கிராமத்துல ஃப்ரீ கேம்ப் போட்டு 19 பேரை அகமதாபாத் கூட்டிட்டுப் போய் ஏழு பேருக்கு ஸ்டென்ட் வச்சாங்க, ரெண்டு பேர் செத்துப் போனாங்க, பணம் ஆயுஷ்மான்ங்கிற மத்திய அரசு காப்பீட்டுத் திட்டத்துல கிளெய்ம். முதலமைச்சர் காப்பீட்டுல அனுமதியான சிகிச்சைக்கு ஆஸ்பத்திரி தனியா காசு கேட்டா 1800 425 3993க்கு போன் போடுங்க, கையில ரசீது இல்லாம ஒரு ரூபாயும் கட்டாதீங்க.