பவுண் காசைத் தேய்க்காதீர்கள், பெட்டியை உடைக்காதீர்கள்

போன வாரம் விசுவமடுப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். சேலைத் தலைப்பில் முடிந்திருந்த பவுண் காசு ஒன்றை அவிழ்த்து மேசையில் வைத்தார். பிரித்தானியத் தங்கக் காசு, 1899ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ன் நாணயசாலையில் அடித்தது. கூடவே ஒரு பையில் உடைந்த பிளாஸ்ரிக் துண்டுகள். ரொறன்ரோவில் இருக்கும் தம்பி, அக்கா மகளின் தாலிக்கொடிக்கென்று அனுப்பிய காசாம். "பெட்டியைத் திறக்க வழி தெரியவில்லை, அம்மிக் குழவியால் தட்டித்தான் எடுத்தோம்" என்றார். எடுத்த பிறகு பளபளக்கட்டும் என்று பற்பசை போட்டுத் தேய்த்தும் இருக்கிறார்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். விக்டோரியா மகாராணியின் கன்னத்தில் மயிரிழை போன்ற கீறல்கள், எல்லாம் ஒரே திசையில். உடைந்த துண்டு ஒன்றில் 'எம்எஸ் 63' என்ற எழுத்து இன்னும் தெரிந்தது.

கிளிநொச்சியில் கடை வைத்திருக்கும் எனக்கு இப்படிப்பட்ட காசுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. பொறுக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

அந்தப் பெட்டி வெறும் உறை அல்ல. பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற அமெரிக்க நிறுவனங்கள் காசைச் சோதித்து, 1 முதல் 70 வரையான அளவில் தரம் இட்டு, முத்திரையிட்டு அடைத்துத் தருவது. 60உம் அதற்கு மேலும் என்றால் புழங்காத காசு, 'எம்எஸ்' என்ற எழுத்தும் அதைத்தான் சொல்கிறது. பெட்டியை உடைத்தால் அந்தத் தரத்துக்கு இருந்த உத்தரவாதம் போய்விடும். மறுபடியும் அனுப்பலாம், ஆனால் தேய்த்த காசுக்கு எண் கிடைக்காது. 'துலக்கப்பட்டது' என்று எழுதித்தான் திருப்பி அனுப்புவார்கள்.

இனி விலைக்கு வருவோம். பவுண் காசுக்கு இரண்டு விலை உண்டு. ஒன்று தங்கத்தின் விலை, அதை எவரும் வீட்டிலேயே கணக்கிடலாம். முழுப் பவுண் காசின் எடை 7.988 கிராம், 22 காரட். அதில் உள்ள சுத்தத் தங்கம் 7.322 கிராம். அன்றைய 24 காரட் கிராம் விலையை இதனால் பெருக்குங்கள். கணக்குக்காக ஒரு கிராம் 40,000 ரூபாய் என்று வைத்தால் 292,880 ரூபாய் வரும். கடைக்காரர் தன் இலாபத்துக்குக் கொஞ்சம் கழிப்பார், அவ்வளவுதான். இதைவிட வெகுவாகக் குறைத்துக் கேட்பவரிடம் காசைக் கொடுக்காமல் எழுந்து வாருங்கள்.

மற்றது சேகரிப்பவர்கள் தரும் விலை. இங்கேதான் நம் சனங்கள் ஏமாறுகிறார்கள். "அம்மம்மா காலத்துக் காசு, நூறு வருடத்துக்கு மேல், கோடிக்குப் போகும் என்று யூரியூப்பில் சொன்னார்கள்." இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. பழமைக்கு மட்டும் விலை இல்லை. எத்தனை காசுகள் மிஞ்சியிருக்கின்றன, எந்த நிலையில் இருக்கின்றன, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பதற்குத்தான் விலை. நம் வீடுகளில் இருக்கும் ஐந்தாம் ஜோர்ஜ் தலைக் காசை எடுத்துக்கொள்ளுங்கள். 1911இல் லண்டனில் மட்டும் 3 கோடிக்கு மேல் அடித்தார்கள். நூறு வயது தாண்டியிருந்தும் பெரும்பாலும் தங்க விலைதான் கிடைக்கும். அதைவிட இளைய காசு ஒன்று, 1933இல் அமெரிக்காவில் அடித்த 20 டொலர் தங்கக் காசு, 2021இல் நியூயோர்க் ஏலத்தில் 1 கோடியே 88 இலட்சம் டொலருக்கு மேல் விலைபோனது. ஏன்? அந்த ஆண்டுக்கான காசுகளைப் புழக்கத்தில் விடாமல் கிட்டத்தட்ட அனைத்தையும் உருக்கிவிட்டார்கள். அந்த வீடியோக்கள் ஏல விலையைச் சொல்கின்றன, உருக்கிய கதையைச் சொல்வதில்லை. உங்கள் காசு எவ்வளவு பழையது என்று என்னிடம் கேட்காதீர்கள், அது காசிலேயே எழுதியிருக்கிறது.

இணையத்தில் ஒருவர் பத்து இலட்சம் கேட்டு விளம்பரம் போட்டிருந்தால் அது அவருடைய ஆசை. ஏலத்தில் விற்று முடிந்த விலையைத் தேடிப் பாருங்கள், அதுவும் அதே ஆண்டு, அதே நாணயசாலை, அதே தரமுள்ள காசின் விலையை.

நாணயசாலையின் குறி சிறியது. ஐந்தாம் ஜோர்ஜ் காசில் குதிரை வீரன் உள்ள பக்கத்தில், குதிரையின் காலடித் தரையில், ஆண்டு எண்ணுக்குச் சற்று மேலே ஓர் எழுத்து இருக்கும். எஸ் சிட்னி, எம் மெல்பேர்ன், பி பேர்த், ஐ பம்பாய். எழுத்தே இல்லாவிட்டால் லண்டன். 1917இல் எழுத்தில்லாத காசு உண்மையில் அரிது. அரிது என்பதாலேயே அந்த ஆண்டில் போலிகளும் அதிகம். போலி என்றால் பித்தளை என்று நினைக்க வேண்டாம், நல்ல தங்கத்திலேயே போலி அடித்திருக்கிறார்கள். ஆகவே எடை சரி, காரட் சரி என்றவுடன் முடிவு கட்டாதீர்கள். குறுக்களவு 22.05 மில்லிமீற்றர் இருக்கிறதா, எழுத்தின் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பெட்டியிலும் போலி உண்டு. அதிலுள்ள சான்றிதழ் எண்ணை அந்த நிறுவனத்தின் இணையத்தளத்தில் போட்டு, படத்தையும் காசையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கொடியில் கோர்க்க வளையம் ஒட்டிய காசு, வளையத்தைக் கழற்றிய பிறகும் சேகரிப்பவருக்கு ஆகாது. விளிம்பில் பற்றவைத்த தழும்பு நின்றுவிடும். கொடிக்குக் காசு போடுவது நம் வழக்கம், அதை நான் குறை சொல்லவில்லை. வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்களே, கொடிக்கென்றால் பெட்டியில்லாத சாதாரணக் காசை வாங்கி அனுப்புங்கள். பெட்டிக் காசு அனுப்பினால் "இதை உடைக்க வேண்டாம்" என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

என் தொழில் செய்பவர்களுக்கும் ஒரு சொல். நல்ல நிலையிலுள்ள காசை உரைகல்லில் உரசாதீர்கள். காரட் பார்க்கும் இயந்திரம் இப்போது பட்டணங்களில் இருக்கிறது.

காசை விளிம்பில் பிடியுங்கள். புளி, சாம்பல், பற்பசை, பூந்திக்கொட்டை எதுவும் வேண்டாம். மண்ணில் புதைத்து வைத்து எடுத்த காசு என்றால் மண்ணோடேயே கொண்டு வாருங்கள். அந்த நாட்களில் எதைப் புதைத்தோம், எதை விட்டு வந்தோம் என்பது எனக்கும் தெரியும், கூச்சப்பட வேண்டாம். அடைவு வைக்கப் போகிறீர்களானால், அங்கே எடைக்கும் காரட்டுக்கும்தான் பணம், தரத்துக்கு எதுவும் கூட்டித் தரமாட்டார்கள் என்பதை அறிந்து போங்கள். விற்றுத் தருகிறேன் என்று முற்பணம் கேட்பவனுக்கு ஒரு சதமும் அனுப்பாதீர்கள்.

காட்டுக்குள் புதையலில் எடுத்தது, பாதி விலைக்குத் தருகிறேன் என்று இரவில் தொலைபேசியில் அழைப்பவர்களிடம் போகவே வேண்டாம். காசு போலியானால் பணம் போகும். உண்மையிலேயே பழங்காலத்துக் காசானாலும் சிக்கல்தான். 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட பொருட்கள் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்துக்குள் வருகின்றன. உங்கள் காணியில் கிணறு வெட்டும்போது அப்படி ஏதாவது கிடைத்தால், கழுவாமல், பங்கு பிரிக்காமல், தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.