'ஓரமாகப் போ' என்கிறோம். ஓரத்தில் என்ன இருக்கிறது?

கடலூர் முதுநகரிலிருந்து விடியற்காலையில் மீன் பெட்டி கட்டிக்கொண்டு வரும் சைக்கிள்களைப் பார்த்திருப்பீர்கள். பின் கேரியரில் ஐஸ் போட்ட பெட்டி, ஹேண்டில்பாரில் தராசு வைத்த பை. அந்தப் பாரத்தோடு சைக்கிளைச் சட்டென்று நிறுத்தவும் முடியாது, ஒடித்து வளைக்கவும் முடியாது. பின்னால் லாரி ஹாரன் அடித்தால் ஓட்டுபவர் இடது பக்கம் ஒதுங்கித்தான் ஆகவேண்டும்.

'ஓரமாகப் போ' என்று அவரிடம் எல்லோரும் சொல்கிறோம். பஸ் டிரைவர் அதட்டிச் சொல்கிறார். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் தாய் அன்பாகச் சொல்கிறார். நான் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சாலை வேலைகளுக்கு எஸ்டிமேட் போடுவதும், போட்ட சாலையை அளந்து பார்ப்பதுமாக இருக்கிறவன். டேப்பும் கையுமாகக் கடலூரிலும் புதுச்சேரியிலும் நடந்து பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று உண்டு. நம் சாலைகளில் மிக மோசமாக இருக்கும் இடம் அந்த ஓரம்தான். சைக்கிள்காரரை அங்கே போகச் சொல்லும் நாம், அந்த ஒரு மீட்டரைச் சாலையாகவே நினைத்துக் கட்டுவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பு நகரத்தின் எல்லையில் புதிதாகத் தார் போட்ட ஒரு சாலையைப் பார்க்கப் போயிருந்தேன். நடுவில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சற்றுத் தள்ளி ஒரு பிளஸ் 1 மாணவி சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள். முழங்காலில் ரத்தம், சீருடையில் மண். அரசு கொடுத்த சைக்கிள். கொடுத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, செயின் கவர் நசுங்கியிருந்தது. எப்படி விழுந்தாய் என்று கேட்டேன். "ஏறத்தான் பார்த்தேன் சார், சக்கரம் ஏறவில்லை" என்றாள்.

அந்த இடத்தில் குனிந்து ஸ்கேலை மண்ணில் நிறுத்தினேன். தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் இடையே 12 சென்டிமீட்டர். அதாவது ஒரு படிக்கட்டு.

அவள் சொன்ன அந்த ஒரு வரியில் இந்த விபத்தின் பொறியியல் முழுவதும் இருக்கிறது. பஸ் வருகிறது, பெண் மண்ணில் இறங்கிவிடுகிறாள். பஸ் போனதும் மறுபடி தாருக்கு ஏற வேண்டும். அவள் சாலைக்கு இணையாகப் போய்க்கொண்டிருப்பதால் முன்சக்கரம் விளிம்பை நேராக மோதாமல் பக்கவாட்டில் உரசிக்கொண்டே போகும். ஹேண்டில்பாரை வலது பக்கம் திருப்பினாலும் சக்கரம் மேலே ஏறாது. உடம்பு மட்டும் வலது பக்கம் சாய்ந்துவிடும். ஆகவே விழுவது மண்ணில் இல்லை, தார்ச்சாலையின் மேல், அடுத்த வண்டி வரும் பாதையில். அன்று அடுத்த வண்டி வரவில்லை, அவ்வளவுதான். முழங்காலோடு போயிற்று.

தார் போட்டு முடித்ததும் அதன் மட்டத்துக்கு இரு பக்கமும் கிராவல் கொட்டி, தண்ணீர் விட்டு, ரோலர் ஓட்டி இறுக்க வேண்டும். இதைப் பெர்ம் என்போம். பெர்ம் இருந்தால் சைக்கிளும் பிழைக்கும், தார் விளிம்பும் உடையாமல் நிற்கும். ஆனால் ஒதுக்கிய தொகைக்குள் எஸ்டிமேட் அடங்காதபோது முதலில் கத்தி விழுகிற இடம் இதுதான். நானும் தொழிலுக்கு வந்த புதிதில் அந்த வரியை அடித்திருக்கிறேன். தார் கனத்தைக் குறைத்தால் கேள்வி வரும், பெர்மைக் குறைத்தால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று மூத்தவர்கள் சொல்லிக் கொடுத்ததுதான் காரணம். அந்த மாணவியைப் பார்த்த நாளிலிருந்து அந்த வரியில் நான் கை வைப்பதில்லை.

பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத் தாரைப் போட்டுக்கொண்டு போனால் பள்ளம் ஒவ்வொரு முறையும் இன்னும் ஆழமாகும். வீட்டுக்குள் மழைநீர் புகுவதும் இதனால்தான். 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில்தான் சாலை போட வேண்டும் என்று உத்தரவிட்டார். வீடுகளை மனத்தில் வைத்துப் போட்ட உத்தரவு என்றாலும், ஒழுங்காகக் கடைப்பிடித்தால் சைக்கிள்காரருக்கும் அது பெரிய உபகாரம். கிராவல் கொட்ட இடமே இல்லாத குறுகிய சாலைகளில் தார் விளிம்பைச் செங்குத்தாக விடாமல் 30 டிகிரி சரிவாக அழுத்தி முடிக்கலாம். சரிவில் சக்கரம் ஏறிவிடும்.

பெர்மே நன்றாக இருந்தாலும் அது காலியாக இருக்க வேண்டுமே. வீடு கட்டுகிறவர் கொட்டிய எம்.சாண்டும் ஜல்லியும் அங்கேதான் கிடக்கின்றன. தார்மேல் சிதறிய மணல், டயருக்குக் கீழே உருளைகளைப் பரப்பியது போல. பிரேக் பிடித்த கணத்தில் சைக்கிள் வழுக்கிப் போய்விடும். கடை பெயர்ப்பலகை, ஓரம் கட்டி நிறுத்திய கார், அந்தக் காரின் சட்டென்று திறக்கும் கதவு, குழாய்க்குத் தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளம், சாலை மட்டத்துக்கு மேலே துருத்தி நிற்கும் மேன்ஹோல் எல்லாம் அதே ஒரு மீட்டருக்குள்தான். இவற்றுக்கு இடையில் ஒருவர் நேர்கோட்டில் சைக்கிள் ஓட்டினால் அதுதான் அதிசயம். 'சைக்கிள்காரன் வளைந்து வளைந்து போகிறான்' என்று குறை சொல்கிறவர்கள், அவர் எதைச் சுற்றிக்கொண்டு போகிறார் என்பதையும் ஒரு நாள் பார்க்க வேண்டும்.

இந்த ஓரம் ஏன் யார் கண்ணிலும் படுவதில்லை என்பதற்கு எங்கள் தொழிலுக்குள்ளேயே ஒரு காரணம் இருக்கிறது. சாலையை அகலப்படுத்துவதற்கு முன்பு வாகனங்களை எண்ணுவோம். எண்ணியதை எல்லாம் கார் கணக்குக்கு மாற்றுவோம். ஒரு கார் என்றால் ஒன்று. சைக்கிள் என்றால் அரை. ஒரு சைக்கிள் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதுதான் அந்த அரை. அதில் ஒரு மனிதர் வேலைக்குப் போகிறார் என்பது அந்தக் கணக்கில் வராது. சின்ன வேலைகளுக்கு எண்ணிக்கை எடுக்கும் நேரமும் பெரும்பாலும் காலை எட்டு மணிக்கு மேல்தான். சிப்காட் ஆலைகளுக்கு முதல் ஷிப்ட் போகிறவர் ஐந்தரை மணிக்கே கடந்து போயிருப்பார். பால்காரரும் கீரைக்காரரும் அதற்கும் முன்பே. இரவுப் பணி முடிந்து வரும் காவலாளி எந்தப் படிவத்திலும் ஏறுவதில்லை. பிறகு அறிக்கையில் 'சைக்கிள் போக்குவரத்து மிகக் குறைவு' என்று எழுதிவிடுவோம்.

நான் ஒரு வாரம் விடியற்காலை ஐந்து மணிக்குக் கெடிலம் ஆற்றுப் பாலத்தின் பக்கம் நின்று பார்த்தேன். யாரும் பணித்த வேலை இல்லை, என் மனத்துக்காகப் போனது. அதன் பிறகு 'மிகக் குறைவு' என்ற சொல்லை எந்த அறிக்கையிலும் நான் எழுதவில்லை. பாலத்தில் பெர்மே கிடையாது என்பதையும் அங்கே நின்றபோதுதான் உடம்பால் உணர்ந்தேன். ஒதுங்க இடமில்லாத அந்தத் தூரத்தை ஒவ்வொருவரும் எழுந்து நின்று மிதித்துக் கடக்கிறார்கள்.

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை தொடங்கி மறுநாள் காலை வரை மோட்டார் வாகனங்களை விடுவதில்லை. சின்னக் குழந்தைகள் நடுச்சாலையில் பயமில்லாமல் சைக்கிள் ஓட்டுவதை அங்கே போனால் பார்க்கலாம். வண்டி வேகம் இல்லாவிட்டால் சைக்கிளுக்குத் தனிப்பாதைகூடத் தேவைப்படாது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். அதே நேரத்தில் அரியாங்குப்பத்திலிருந்து மரப்பாலம் வழியாகக் கட்டட வேலைக்கு வந்து திரும்பும் கொத்தனாருக்கு அந்தச் சலுகையில் பங்கில்லை. அவர் போகும் கடலூர் சாலையில் பஸ்ஸும் டேங்கர் லாரியும் அவர் தோளை உரசிக்கொண்டு போகின்றன.

வேகத்தைப் பற்றி ஒன்று மட்டும். 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டியைவிட 60இல் வரும் அதே வண்டி நான்கு மடங்கு ஆற்றலோடு மோதும். ஆகவே 50, 60இல் வண்டிகள் ஓடும் சாலைகளில் வெள்ளைக் கோடு போட்டு சைக்கிள் படம் வரைவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இரண்டாம் நாளே அதன்மேல் கார் நிற்கும். அங்கே கர்ப் கல் வைத்துப் பிரித்த பாதை வேண்டும், இரண்டு மீட்டராவது அகலமாக. கடலூரின் திருப்பாதிரிப்புலியூர், மஞ்சக்குப்பம் உள்தெருக்களுக்கு அது வேண்டியதில்லை. அங்கே வண்டிகளை 30க்குள் அடக்கினால் போதும். அதற்கும் கண்டபடி சிமென்ட் மேடு எழுப்பக் கூடாது. சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்திய சாலை காங்கிரஸ் சொல்லும் வேகத்தடை 3.7 மீட்டர் நீளத்துக்குப் படிப்படியாக ஏறி, நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம் மட்டும் இருக்கும். நாம் ஒரு முழ அகலத்தில் கட்டுகிறோம். அதில் கார் குலுங்கிவிட்டுப் போய்விடும், பாரம் ஏற்றிய சைக்கிளைத் தூக்கிப் போட்டுவிடும்.

நெதர்லாந்தைச் சொன்னால் 'அவர்கள் ஊர் அப்படி' என்று பதில் வரும். அவர்கள் ஊரும் அப்படி இருந்ததில்லை. 1971இல் அங்கே சாலை விபத்துகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அதில் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கிக் கேட்ட பிறகுதான் சாலைகள் மாறத் தொடங்கின. நம்மிடம் கேட்பதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, வாகனங்களைவிட மனிதர்களின் பயணத்துக்கே சாலையில் முதலிடம் என்கிறது. 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு, பாதுகாப்புத் தரங்களின்படி சாலையை வடிவமைக்கவோ பராமரிக்கவோ தவறி, அதனால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஆலோசகருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது.

ஆகவே 'சாலை சரியில்லை' என்று பொதுவாக எழுதாதீர்கள். அந்த மனு எந்த மேசையிலும் நிற்காது. முதலில் அது தேசிய நெடுஞ்சாலையா, மாநில நெடுஞ்சாலைத் துறையினுடையதா, மாநகராட்சியினுடையதா என்று தெரிந்துகொள்ளுங்கள். பள்ளத்தில் ஒரு ஸ்கேலை நிறுத்திப் படம் எடுங்கள். பக்கத்து மின்கம்பத்தின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதைவிடச் சிறந்த முகவரி சாலைக்குக் கிடையாது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். புதுச் சாலை என்றால் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடிந்துவிட்டதா என்று கேளுங்கள், முடியவில்லை என்றால் ஒப்பந்ததாரர் தன் செலவில் சரிசெய்தாக வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் செய்த வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகத்தின் நகலைக் கேட்டு, பெர்ம் போட்டதாக எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். எழுதியிருந்து தரையில் இல்லாவிட்டால் அதற்குமேல் நீங்கள் வாதாடத் தேவையே இருக்காது.

எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும் என்பதும் இல்லை. மழைநீர் வடிகாலின் கம்பி மூடிகளைக் கவனித்திருக்கிறீர்களா? கம்பிகள் வண்டி போகும் திசையிலேயே நீளமாக இருந்தால் இடைவெளியில் சைக்கிள் டயர் இறங்கிவிடும். சாதாரண சைக்கிள் டயரின் அகலம் ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டர்தான். சக்கரம் இறங்கி நின்றுவிட்டால் ஓட்டுபவர் ஹேண்டில்பாருக்கு மேலாகப் போய் விழுவார். அதே மூடியைக் கம்பிகள் குறுக்காக வரும்படி வைத்தால் டயர் மேலேயே உருண்டு போய்விடும்.

நான் ஆய்வுக்குப் போன ஒரு தெருவில் இப்படிப் பதினொரு மூடிகள் இருந்தன. எல்லாம் சதுர மூடிகள். பொறுப்பில் இருந்த இளம் பொறியாளரிடம் காட்டினேன். அவர் புதுக் கோப்பு எதுவும் திறக்கவில்லை. அடுத்த நாள் காலை இரண்டு தொழிலாளர்களும் ஒரு கடப்பாரையும் வந்தார்கள். மூடியைக் கிளப்பி, அடியில் அடைத்திருந்த மண்ணை வழித்துப் போட்டு, கால் சுற்றுத் திருப்பி இறக்கினார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே பதினொன்றும் முடிந்துவிட்டன.

இரண்டு வாரம் கழித்து அந்தத் தெருவில் நின்றிருந்தேன். தினமும் அந்த வழியாகப் போகும் பூக்காரர் ஒருவர் வந்தார், வயது அறுபதுக்கு மேல் இருக்கும். முதல் மூடிக்கு நாலடி முன்பே தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தார், வலது பக்கம் விலகினார், ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டியது, மறுபடி ஓரத்துக்கு வந்தார். அடுத்த மூடிக்கும் அப்படியே. நிறுத்தி, மூடிகளை மாற்றிவிட்டார்கள் ஐயா, இனி நேராகவே போகலாம் என்றேன். இறங்கி வந்து குனிந்து பார்த்தார். காலால் ஒரு முறை அழுத்திப் பார்த்தார். தலையசைத்துவிட்டு ஏறிப் போனார். மூன்றாவது மூடிக்கும் விலகியே போனார்.