டேப்லெட்டில் அழித்தால் கணினியிலும் போய்விடும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்தபடி ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை கடைக்கு வந்தார். "அண்ணே, வைரஸ் ஏறிடுச்சு போல. ரெண்டு வருஷமா எழுதுன நாள் பாடத்திட்டம் ஒண்ணுகூட இல்ல" என்றார். குரல் கம்மியிருந்தது.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். சுற்றிலும் ரப்பரும் செம்பனையும்தான். இதே குறையோடு வந்தவர்களைப் பல முறை பார்த்துவிட்டதால் நான் வைரஸைத் தேடவில்லை. "டேப்லெட்ல எதையாவது அழிச்சீங்களா டீச்சர்?" என்று கேட்டேன். அழித்திருந்தார். இடம் போதவில்லை என்று டேப்லெட் சொல்லியிருக்கிறது. கணினியில்தான் எல்லாம் இருக்கிறதே என்ற தைரியத்தில், கூகுள் டிரைவ் செயலியைத் திறந்து ஃபோல்டரோடு நீக்கிவிட்டார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். கூகுள் டிரைவ் மாதிரி கோப்புகளை இணையத்தில் வைக்கும் மேகச் சேமிப்பு என்றால் கணினியில் ஒரு பிரதி, டேப்லெட்டில் ஒரு பிரதி என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. இருப்பது ஒரே பெட்டி. கணினி அதற்கு ஒரு கதவு, டேப்லெட் இன்னொரு கதவு. எந்தக் கதவு வழியாக எடுத்து எறிந்தாலும் பெட்டியில் இருந்துதான் போகும்.

அதைவிட வருத்தம், அழித்ததால் டேப்லெட்டில் இடமும் கிடைக்கவில்லை. டிரைவ் கோப்புகள் இணையத்தில் இருப்பவை. இணையம் இல்லாதபோதும் திறப்பதற்காக ஆஃப்லைனில் வைத்தவை மட்டும்தான் டேப்லெட்டில் இடம் பிடிக்கும். அவற்றுக்கும் ஆஃப்லைனை நிறுத்தினால் போதும். அவருடைய டேப்லெட்டை அடைத்துக்கொண்டிருந்தவை பள்ளி விளையாட்டுப் போட்டி வீடியோக்கள்.

நல்ல வேளை, அழித்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. கூகுள் டிரைவின் குப்பைத் தொட்டியில் கோப்பு 30 நாள் இருக்கும், அப்புறம் தானாக அழியும். தொட்டியைத் திறந்து ஃபோல்டரை மீட்டேன். கணினித் திரையில் ஜனவரி, பிப்ரவரி என்று ஒவ்வொன்றாக வந்து நின்றன. இன்னும் பத்து நாள் கழித்து வந்திருந்தால் என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது. அதனால்தான் சொல்கிறேன்: கோப்பு காணாமல் போனால் அன்றைக்கே தொட்டியைப் பாருங்கள்.

கணினியில் சேமித்தது டேப்லெட்டுக்கு வரவே இல்லை என்றும் சிலர் வருகிறார்கள். பெரும்பாலும் இடம் நிறைந்திருக்கும். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபியை ஜிமெயில், டிரைவ், கூகுள் போட்டோஸ் மூன்றும் பங்கு போடுகின்றன. ஆண்ட்ராய்டு கைப்பேசியின் வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது அதில்தான் சேர்கிறது. நிறைந்துவிட்டால் புதுக் கோப்பு ஏறாது, மின்னஞ்சலும் வராது.

மழைக்காலத்தில் இணைய லைன் போய்விடும் தோட்டங்களில் இருப்பவர்கள், நாளைக்கு வேண்டிய கோப்பை முந்தின இரவே டேப்லெட்டில் ஆஃப்லைனில் வைத்துவிடுங்கள்.

என்னைத் தூங்கவிடாத விஷயம் ஒன்று உண்டு. மகளின் உயர்கல்வி விண்ணப்பத்துக்காக அடையாள அட்டை, அப்பாவின் சம்பளச் சீட்டு, பிறப்புப் பத்திரம் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, 'இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்' என்று திறந்து, அந்த இணைப்பை வாட்ஸ்அப் குழுவில் அனுப்பியிருந்தார் ஓர் அம்மா. அந்த இணைப்பு யார் கைக்குப் போனாலும், கடவுச்சொல் எதுவும் இல்லாமல் திறக்கும். தயவுசெய்து, பெறுபவரின் மின்னஞ்சலை மட்டும் சேர்த்துப் பகிருங்கள். வேலை முடிந்ததும் அனுமதியை எடுத்துவிடுங்கள். அப்படியே உங்கள் கூகுள் கணக்கில், கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு முறை உறுதிசெய்யக் கேட்கும் இரண்டு கட்டச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள்.

ஆசிரியைக்கு அன்றே ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் முழுப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். மாதம் ஒரு முறை அதில் புதியதைச் சேர்த்துவிட்டுக் கழற்றி வைக்கச் சொன்னேன். பிறப்புப் பத்திரங்களையும் பழைய சேமநிதித் தாள்களையும் அவர் அம்மா பத்திரப்படுத்தும் ரொட்டி டின்னில்தான் இப்போது அதுவும் இருக்கிறதாம்.